சிவந்த மூக்கைப் பற்றி ஒரு புகார்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை, அதனால் விசாரிக்கவில்லை. போனில் பேசினால் நீ என்னை ஒரு பேச்சை முழுசாக முடிக்க விடமாட்டாய். அதனால்தான் உன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். காகிதம் குறுக்கே பேசாது.

இன்று காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை மேசைமேல் தள்ளினார். "யார் கையெழுத்துன்னு தெரியுதா பாருங்க" என்றார். தெரியாமல் இருக்குமா? எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த கையாயிற்றே. மொட்டைக் கடிதமாக இருந்திருந்தால், எவனோ வேலைவெட்டி இல்லாதவன் என்று விட்டிருப்பேன். நீ பெயரைப் போட்டு, தோல் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூட வேலை என்பதையும் போட்டு, 'இவனுடன் பிறந்த அக்கா' என்றும் போட்டிருக்கிறாய். 'என் தம்பி குடிக்கிறான். பள்ளிப் பிள்ளைகள் போகிற வண்டியை அவனிடம் கொடுக்காதீர்கள்.' இப்படி எழுத உனக்குக் கை கூசவில்லையா?

பதினோரு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. தினமும் காலையில் சாவி வாங்கும்முன் கருவியில் ஊதுகிறேன், தினமும் பூஜ்யம். அதையும் சொன்னேன். அதற்கு மேலாளர், "கருவி காலையில உள்ளதத்தான சொல்லும்? கூடப் பொறந்தவங்களே எழுதியிருக்காங்களே. பெத்தவங்க வேற உங்க மூஞ்சியப் பத்தி ஏற்கெனவே முணுமுணுக்கிறாங்க" என்றார். இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதுவரை நான் பஸ்களைக் கழுவ வேண்டுமாம். அன்று தீர்ப்பு எனக்கு எதிராகப் போனால் கழுவவும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

என் மகள் தினமும் என்னோடு பணிமனைக்கு வந்து என் பஸ்ஸில் ஏறுகிறவள். இன்றும் ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் வேறொருவன். நான் கையில் ரப்பர் குழாயோடு கீழே நின்றேன். பத்து வயசுப் பிள்ளை, அப்பனுக்குக் கை காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, காட்டாமல் போனாள்.

ஆமாம், என் மூஞ்சி சிவப்புத்தான். சின்ன வயசில் எனக்குத் தக்காளி என்று பெயர் வைத்ததே நீதான். இரண்டு வருடமாக அது அதிகமாகிவிட்டது. மூக்கும் கன்னமும் எரிகிறது. கண் உறுத்துகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. சூடாக எதைக் குடித்தாலும் மூஞ்சி பற்றிக்கொள்கிறது. சலூன்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். போட்ட மறுநாளே பளிச்சென்று ஆனது. இப்போது ஒருநாள் போடாவிட்டால் மூஞ்சி முழுக்கப் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடுகிறது. கேட்டிருந்தால் இதெல்லாம் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. மூன்று நாள் என் வீட்டில் இருந்து, கை நனைத்துவிட்டு, போய் எழுதிப் போட்டுவிட்டாய்.

அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கு.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

திரும்ப வாங்க மாட்டேன்.

பெயர் போடாமல் எழுத எனக்குத் தெரியாதா? முதுகுக்குப் பின்னால் செய்கிற புத்தி எனக்கு இல்லை, அதனால் போட்டேன். அந்த மூன்று நாளும் நான் பார்த்தது இதுதான். விடிந்ததும் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் போட்டுக் கொடுத்த டீயைத் தொடவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. என்னிடம் பேசும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் எதையோ ஒளித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். உன் மனைவியிடம் கேட்டேன். "என்னன்னு தெரியல அண்ணி, கேட்டா எரிஞ்சு எரிஞ்சு விழுறார்" என்றாள். நான் வேறு என்னதான் நினைப்பது? அதே தண்ணீர் பாட்டில், அதே கண், அதே அலமாரி. அப்பாவிடம் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகிப் போனது.

உனக்கு அப்போது மூன்று வயசு, ஞாபகம் இருக்காது. எனக்கு ஒன்பது. அப்பாவின் வேனில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "அப்பா நல்லாத்தான்டா இருக்கேன்" என்றார். அடுத்த வளைவில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினார். என் இடது முழங்கை இன்னும் நேராக நிமிராது. நீ பள்ளிக்கூடத்தில் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவன். அன்று அவர் கிளம்பும்போது வாசலில் நாலு பெரியவர்கள் நின்றார்கள். அவர் குடித்திருப்பது நாலு பேருக்கும் தெரியும். ஒருத்தராவது வாயைத் திறந்து ஓட்டாதே என்று சொல்லவில்லை, மரியாதை போய்விடுமாம். என்னால் அப்படி நிற்க முடியாது. உன் பஸ்ஸில் எண்பத்திநாலு முழங்கை போகிறது. நீ என்னைத் திட்டு, உன் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. இமை ஒட்டுகிறது, சலூன் களிம்பில் பளிச்சென்று ஆனது, நிறுத்தினால் கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கூடத்துக்கு வருகிற சீட்டுகளில் இந்த மூன்றையும் சேர்த்து வாரம் நாலு தடவையாவது படிக்கிறேன். படித்தால் நாங்கள் தேடுவது ஒரு பூச்சியை. உண்ணி வகை, எட்டுக் கால், கண்ணுக்குத் தெரியாது. முகத்து மயிர்க்கால்களுக்குள் தலைகீழாக இறங்கிக் குடியிருக்கும். புத்தகத்தில் டெமோடெக்ஸ் என்று இருக்கும், நாங்கள் பூச்சி என்றே சொல்வோம்.

நான் சொல்கிறபடி செய். படுக்கும்முன் மூஞ்சியைக் கழுவி, அந்தக் களிம்பைப் போடாமல், தெளிவான டேப்பைக் கன்னத்தில் ஒன்று, மூக்கோரம் ஒன்று ஒட்டிக்கொண்டு தூங்கு. காலையில் பிய்த்து, சுருக்கம் இல்லாமல் பிளாஸ்டிக் உறையின்மேல் ஒட்டு. இமை முடி நாலு, வேரோடு வேண்டும். தபாலில் அனுப்பு.

உன்னை நம்பிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

இதோ என் மூஞ்சி, உறைக்குள் இருக்கிறது. இமை முடி நாலு. பிடுங்கும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன், அதனால் சுலபமாக வந்துவிட்டது. அடுத்து ஒரு கிட்னியும் வேண்டுமென்றால் சொல், பார்சலில் போடுகிறேன்.

டேப் ஒட்டிய மூஞ்சியோடு படுத்திருந்ததைப் பார்த்து என் மகள் சிரித்தாள். "அப்பாவ யாரோ பார்சல் கட்டிட்டாங்க" என்றாள். இந்தப் பத்து நாளில் அவள் என்னிடம் சிரித்தது அந்த ஒருமுறைதான். மனைவி சிரிக்கவில்லை. உன்னிடம் ஒன்று சொன்னோமே, அது கடிதமாகிவிட்டதே என்று அவளுக்குப் பயம். இப்போது என்னிடமும் பேச யோசிக்கிறாள்.

அலமாரியில் நான் ஒளித்தது அந்தக் களிம்பு. ஆம்பளை மூஞ்சிக்கு என்னத்துக்குக் களிம்பு என்று கேலி செய்வார்களே என்று ஒளித்தேன், அவ்வளவுதான். நீ ஒரு எட்டு நடந்து, சட்டையை விலக்கிப் பார்த்திருக்கலாம். அலமாரிக்குப் பூட்டுகூடக் கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்டது கண் கூசுவதால். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது, தோல் ஆஸ்பத்திரிக்காரி உற்றுப் பார்த்து நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்லிவிடுவாளே என்ற வெட்கத்தால். நீ வாய் விட்டுச் சொல்லியிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும்.

நாள் முழுக்க ஊரார் மூஞ்சியை லென்ஸில் பார்க்கிறவள் நீ. மூன்று நாள் எதிரே உட்கார்ந்திருந்த தம்பி மூஞ்சி மட்டும் உனக்குத் தெரியாமல் போயிற்று. எண்ணிக்கொண்டிரு.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

முதல் முறை லென்ஸில் கண்ணை வைத்தபோது, ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அல்ல. பூச்சி இல்லை என்றால் நான் எழுதியது சரியாக இருக்கும் என்று. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. அதை உன்னிடம் மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

வளர்ந்தவர்கள் அநேகமாக எல்லோருடைய மூஞ்சியிலும் இந்தப் பூச்சி உண்டு. என் மூஞ்சியிலும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நகம் அளவு இடத்தில் நாலைந்து இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டோம். உன் கன்னத்தில் அவ்வளவு இடத்தில் முப்பத்தேழு. நாலு இமை முடியில் மூன்றின் அடியில் கொத்துக் கொத்தாக இருந்தது. கண் ஏன் உறுத்தாது?

எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "பூச்சி பெருகுறதால மூஞ்சி சிவக்குதா, சிவந்த மூஞ்சியில பூச்சி பெருகுதான்னு இன்னும் சண்டை ஓயல. ஆனா இவ்வளவு இருந்தா, அதைக் குறைச்சாலே பெரும்பாலானவங்களுக்கு மூஞ்சி தெளிஞ்சிரும். அந்தச் சலூன் களிம்ப முதல்ல நிறுத்தச் சொல்லு. அதுல ஸ்டீராய்டு இருக்கும். முதல்ல சிவப்ப அடக்கி ஆள ஏமாத்தும், அப்புறம் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்" என்றார். டேப்பை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார். உங்கள் ஊரிலேயே ஒரு தோல் டாக்டரிடம் நேரில் போ, இதோடு வைத்திருக்கிற தாளைக் காட்டு. ஒன்று சொல்கிறேன், களிம்பை நிறுத்தியதும் முதல் சில வாரம் மூஞ்சி இன்னும் மோசமாகும். பயந்துபோய் மறுபடி அதை எடுத்துவிடாதே.

இனி நீ கேட்கப் போவதற்கு வருகிறேன். உன் மூஞ்சி சிவப்புக்கு இந்தப் பூச்சி காரணமாக இருக்கலாம் என்று கம்பெனிக்கு எழுதித் தருகிறேன். ஆனால் நீ குடிப்பதில்லை என்று எழுதித் தர முடியாது. பூச்சி இருக்கிறவன் குடிக்கக் கூடாது என்று சட்டமா? பதினாறு வருடமாக லென்ஸில் தெரிந்ததை மட்டும்தான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். தெரியாததை எழுத மாட்டேன். தம்பிக்காகக்கூட எழுத மாட்டேன்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

தெரிந்ததை மட்டும்தான் எழுதுவாயா? அப்படியானால் நான் குடித்தது உனக்கு எந்த லென்ஸில் தெரிந்தது?

ஒரு சாராயப் பாட்டிலைப் பார்த்தாயா, ஒரு வாடை அடித்ததா, ஒருநாள் நான் தள்ளாடினேனா? எதுவும் இல்லை. எழுதினாய், கையெழுத்தும் போட்டாய். பார்க்காததை எனக்கு எதிராக எழுதும்போது உன் பதினாறு வருடம் எங்கே போயிற்று? எனக்கு ஆதரவாக ஒரு வரி எழுத வேண்டும் என்றதும் நியாயஸ்தி ஆகிவிட்டாய். இதைப் படித்தபோது அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். டாக்டரிடம் காட்ட வேண்டிய தாளும் அதோடு சேர்ந்து கிழிந்தது. அதையும் உன் கணக்கிலேயே சேர்த்துக்கொள்.

முப்பத்தேழு பூச்சியை மூன்று முறை எண்ணிப் பார்த்து நம்பினாய். முப்பத்தாறு வருடம் உன் முன்னால் வளர்ந்தவனை ஒருமுறைகூட நம்பவில்லை. என் மேல் உன் சாட்சி ஒன்றே ஒன்றுதான், நான் அப்பாவின் மகன். நீ யார் மகள்?

நான் நிரூபிக்க மாட்டேன். உன்னிடம் நிரூபிக்கிறவனாக நான் இருக்க மாட்டேன். இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணி. வந்தால் வா, வராவிட்டால் போ. என் வீட்டுக்கு மட்டும் வராதே.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

விசாரணையன்று நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். என்னைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாய். உள்ளே என்ன நடந்தது என்பதை மேலாளர் உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார். என் வாயால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று பேர் இருந்தார்கள். மேலாளர், கணக்கு எழுதுகிற ஒருவர், பெற்றோர் சார்பாக ஒரு அம்மா. பூச்சியைப் பற்றிய தாளைக் கொடுத்தேன். படித்ததும் அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ, பிள்ளைங்களுக்குத் தொத்திக்காதா?" என்றார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "உங்க மூஞ்சியிலயும் இருக்கும்மா. இப்பவே டேப்பு ஒட்டிக் காட்டவா?" என்று எழுந்தே விட்டேன். கணக்கு எழுதுகிறவர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அந்த அம்மாவுக்கும் ஒரு தம்ளர் வைத்தார்.

பிறகு மேலாளர் நேராகக் கேட்டார். "மூஞ்சிய விடுங்க. உங்க தம்பி குடிப்பாரா மாட்டாரா?" நான் உனக்கு எழுதியதைத்தான் சொல்ல நினைத்துப் போயிருந்தேன், தெரிந்ததைத்தான் சொல்வேன் என்று. வாயைத் திறந்தால் உன் கேள்விதான் வந்து நின்றது. "அவன் குடிச்சு நான் பார்த்ததே இல்லைங்க. ஒருநாளும் பார்த்ததில்ல. எங்க அப்பாவப் பார்த்தேன், அவன் பேரப் போட்டு எழுதிட்டேன். நான் எழுதினது தப்பு" என்றேன். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

உன் முன்னால் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. பணிமனையின் பின்பக்க வழியாக, கழுவி நிறுத்தியிருந்த பஸ்களுக்கு நடுவே போய்விட்டேன். கிழித்த தாளுக்குப் பதில் வேறொன்று இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போ.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

சாவி என் கைக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். தள்ளிவிட்டவர் தூக்கிவிட்டால் நன்றி சொல்வார்களா, தெரியவில்லை.

இங்கே ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நீ சொன்னபடியே முதல் மூன்று வாரம் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அவர் கொடுத்த களிம்பும், காலையும் மாலையும் இமை கழுவுவதும் வேலை செய்தது. இப்போது எரிச்சல் இல்லை. கண் தெளிவாக இருக்கிறது. மூக்கு எல்லோருடைய மூக்கையும் போல இருக்கிறது. நீ பார்த்தால் தக்காளி என்று கூப்பிட மாட்டாய்.

சந்தோஷமா என்று கேள். போன வாரம் மேலாளர் தோளில் தட்டி, "நல்ல முடிவு எடுத்தீங்க. விட்டவுடனே மூஞ்சி என்னமா தெளிஞ்சிருச்சு பாருங்க" என்றார். மெக்கானிக் வந்து, "விட்டு எத்தனை நாளாச்சுண்ணே? என் மச்சானுக்கும் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றான். ஒவ்வொருவரிடமும் நின்று பூச்சியைப் பற்றிச் சொல்கிறேன். "ஆமாமா, பூச்சி, பூச்சி" என்று கண்ணடித்துவிட்டுப் போகிறார்கள். மூஞ்சி சிவந்திருந்தபோது குடிகாரன். தெளிந்ததும் திருந்திய குடிகாரன். உன்னுடைய இரண்டாவது கடிதத்தை யாரும் படிக்கவில்லை அக்கா. முதல் கடிதம் ஊருக்கே தெரியும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்ப்பா, நீங்க விட்டுருவீங்கன்னு" என்றாள். எதை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான் குடித்ததே இல்லை, யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "யாரோ இல்லப்பா, அத்தைதான எழுதினாங்க. அத்தை பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். பூச்சியைப் பற்றிச் சொன்னேன். நீ அனுப்பிய தாளைக் காட்டினேன். விசாரணையில் நீ சொன்னதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிப்பா" என்றாள்.

அந்த 'சரிப்பா' எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் அப்பாவுக்கு எத்தனை வருடம் அதைச் சொன்னோம்! ஒரு சொல்லையும் நம்பாமல், அவர் மனசு நோகக் கூடாது என்று சொல்வோமே, அதே குரலில் சொன்னாள். என் பிள்ளை என்மேல் இரக்கப்படுகிறாள்.

கம்பெனியில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டாய். இதை எங்கே போய் வாங்குவாய்? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் களிம்பு போடவில்லை. சிவக்கட்டும். குடியை விட்டவன் என்ற பாராட்டு எனக்கு வேண்டாம்.

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

முதலில் களிம்பைப் போடு. உன் மூஞ்சி என்ன பாவம் செய்தது?

சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். வராதே என்று நீ சொன்ன அதே வீட்டுக்குத்தான். உன்னோடு பேச வரவில்லை, உன் மகளோடு பேச வேண்டும். நீ சொன்னால் அவள் நம்ப மாட்டாள், அதைப் பார்த்துவிட்டாய். தாளைக் காட்டினாலும் நம்ப மாட்டாள். அத்தை பொய் சொல்ல மாட்டாள் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இப்போது அத்தை பொய் எழுதினாள், பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதினாள் என்று என் வாயாலேயே அவளிடம் சொல்ல வேண்டும். சுற்றிவளைக்காமல், நீயும் உன் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும்.

உங்கப்பா ஒரு துளி குடித்தவன் இல்லை என்று சொல்வேன். லென்ஸில் பார்க்கவில்லை, எண்ணவில்லை, ஆனாலும் சொல்வேன். நீ கேட்டபோது கொடுக்காத வார்த்தை அது. நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசாமல் போகலாம். இனி நான் எது சொன்னாலும் அத்தை பொய் சொல்கிறவள்தானே என்று நினைக்கலாம். யோசித்துப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்தது, உன்மேல் ஆத்திரமும் வந்தது. உன்மேல் ஏன் என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன். என்னை அவள் நம்பாமல் போகட்டும், உன்னை நம்பட்டும்.

மணி அடித்தால் திற.

அக்கா